இடம் வலமாகக் கற்ற குங்ஃபூ

துபாயின் அல் குசைஸில் எங்கள் கட்டடத்துக்குப் பின்புறப் பூங்காவில் எனக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவள் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண், என்னைவிட இளையவள். மகள் கல்லூரிக்குப் போய், கணவருக்கும் அபுதாபி சைட்டில் வேலை அமைந்தபின், நான் யாருடனாவது முகம் பார்த்துப் பேசியது அந்தக் காலைகளில்தான்.

இருவர் எதிரெதிரே நின்று செய்யும் ஒரு ஃபார்மை, அசைவுத் தொடரை, எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அது அவளுடைய பாணிக்குச் சொந்தமானதன்று. அவளுடைய ஆசிரியரின் ஆசிரியர் தம் கம்பு ஃபார்மைக் கொடுத்து, வேறொரு பாணிக்காரரிடமிருந்து மாற்றாகப் பெற்றது. அப்படிப் பெற்றதை வளைக்கக் கூடாது. தொடக்க வணக்கம்கூடக் கொடுத்தவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

“இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல லா, விருந்தாளி. வந்த சட்டையோடயே இருக்கட்டும்” என்பாள்.

தொடங்குவதற்குள் அவள் கணவருக்குத் தோஹாவுக்கு மாற்றலாயிற்று. என் பாதியைச் சிறு காணொளிகளாக அனுப்பினாள். பூங்காவில் நான் அவளுக்குப் பின்னால் நின்று பழகியவள். அவள் வலக்கை நீண்டால் என் வலக்கை நீளும். திரையிலோ அவள் என்னை நோக்கி நின்றாள். அவள் கை போன பக்கமே என் கையும் போயிற்று; அவள் வலக்கைக்கு என் இடக்கை. பார்த்துத் திருத்த எவரும் இல்லை. சோபாவை ஒதுக்கிவிட்டு, எதிரே இல்லாத ஒருத்தியின் குத்துகளை மாதக்கணக்கில் தடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வரும்போது ஒருமுறையாவது சேர்ந்து செய்துவிட வேண்டும். வேறு எதையும் நான் எதிர்நோக்கியிருக்கவில்லை.

உறவினர் திருமணத்துக்கு வந்தவள், தோஹா திரும்பும் நாளன்று காலையில் பூங்காவுக்கு வந்தாள். முதல் குத்தே என் தோளில் விழுந்தது.

“என்னக்கா, தடுக்கச் சொன்னா வாங்கிக்கிறீங்க?”

மறுபடியும் அதேதான். என்னைத் தனியாகச் செய்யச் சொல்லிப் பார்த்தவள், புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். “ஐயோ அக்கா! கண்ணாடிக்குள்ள இருக்கிற ஆளு மாதிரியில்ல கத்து வெச்சிருக்கீங்க!”

நானும் சிரித்தேன். “திருத்திடலாமா?”

“முழுசாக் கலைச்சு முதல்லேருந்து வரணும். மாசக்கணக்காகும்.”

“உனக்குச் சாயங்காலம் ஃப்ளைட்.”

பிறகு, “வணக்கத்தையாவது சரியா வைங்க” என்று எழுந்து, தன் கால்களை இடம் வலமாக மாற்றி நின்றாள். எத்தனையோ வருடம் பழகிய உடம்பு அவளுக்கு எதிராக முரண்டு பிடித்தது. தடுமாறினாள், தன் இடக்கையைத் திட்டினாள். ஆனாலும் ஒருமுறை முடித்தோம்.

“யார்கிட்டயும் காட்டிடாதீங்க. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா, நான் கலாஸ், தீர்ந்தேன்.”

அந்த ஃபார்மைக் கொடுத்த பாணிக்காரர்களே கராமாவில் வகுப்பு நடத்துவதைப் பின்னர் அறிந்தேன். மெட்ரோவில் போய்வரும் தூரம். அங்கே திருத்திக்கொண்டால் யாருடனும் சேர்ந்து செய்யலாம். நான் போகவில்லை; திருத்தினால் அன்று அவளோடு செய்தது கலைந்துவிடும். நான் கற்றதற்கு எதிர்ப்பாதியைச் செய்தவள் அவள் ஒருத்திதான். அவளும் இந்நேரம் அதை மறந்திருப்பாள்.