சலிக்காத படம்

கேமரா வாங்க ஹட்டனுக்குப் போவதற்கு முன் மூன்று வாரம் இணையத்தில் படித்தேன். மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவு என்பது நான் கண்ட முடிவு. குறைந்ததைத் தொடவே மாட்டேன் என்று பஸ்ஸிலேயே மனைவியிடம் அறிவித்துவிட்டேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதியது, கையடக்கமானது, இருபது மெகாபிக்சல். மற்றது பழையது, கனமானது, பன்னிரண்டு. கடையின் இருண்ட மூலையில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்து, கணினியில் பெரிதாக்கிக் காட்டினார்.

என் மனைவி தேயிலைத் தொழிற்சாலையில் பத்து வருடமாகத் தூள் சலிக்கிறவள். புதிய கேமராவின் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒங்க மூஞ்சி பூரா தூசி பறக்குது? இத சலிக்காமலே கட்டி அனுப்பிட்டாங்களா?"

உண்மைதான். என் கன்னத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மொய்த்தன. பழையதில் அதே கன்னம் சுத்தமாக இருந்தது.

"அக்கா சரியாப் புடிச்சிட்டாங்க," என்றார் கடைக்காரர். "புதுசுல வெளிச்சத்த வாங்குற சென்சர் சின்னது. வெளிச்சம் கொறஞ்சா புள்ளி விழும். பழசுல சென்சர் பெருசு, அதான் சுத்தமா இருக்கு."

என் மூன்று வாரப் படிப்பைக் கவிழ்க்க அவளுக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"நல்ல வெளிச்சத்துல எடுத்தா இதுவும் சரியாத்தானே இருக்கும்?" என்றேன்.

"நம்ம ஊர்லயா?" என்றாள்.

வெளியே பார்த்தேன். பகல் இரண்டு மணிக்கே பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

பன்னிரண்டையே கட்டச் சொன்னேன்.