கல்வெட்டில் நான் கொன்ற தம்பி

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவருடைய படத்தைப் போட்டு, புகழ்ப்பாட்டுகள் அச்சடித்து, சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அதற்குப் பாட்டு எழுதுகிறவன் நான். இத்தனை வருடத்தில் ஒருவராவது வாசித்ததாகத் தெரியாது. படத்தைப் பார்ப்பார்கள். வம்சாவளியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகு விசிறிக்கொள்வார்கள். அந்தத் துணிச்சலில்தான் கெட்டேன்.

புத்தூரில் தோட்டம் செய்துவந்த ஒரு கமக்காரர் போய்விட்டார். முந்தின வருடம் வேறொருவருக்கு எழுதிய பாட்டுகளை எடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அந்தப் பழையவருக்கு முன்பே இறந்துபோன தம்பி ஒருவர் இருந்தார். அவர் வானுலகில் அண்ணனுக்காக வழிபார்த்து நிற்பதாக உருகி உருகி ஒரு பாட்டு. அது அப்படியே புத்தூருக்கும் வந்துவிட்டது. புத்தூர்க்காரரின் தம்பியோ, அந்தியேட்டியன்று காலை கீரிமலைக் கடற்கரையில் காரியம் முடித்து வந்து, பந்தலில் முதல் வரிசையில் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இருந்தார்.

வாசித்தார். அவ்வளவு சனத்தில் இவர் மட்டும் ஏன் வாசிக்க வேண்டும்? புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, அண்ணனின் அந்தியேட்டிச் சோற்றில் கை வைக்காமல் எழும்பிப் போனார்.

எனக்கு வந்த ஆறுதல்கள் அதைவிட மோசம். விதி என்றார்கள். கிரகம் என்றார் ஒருவர். என் மனைவி மட்டும் காரியமாகப் பேசினாள்.

“அச்சுக்கூடத்தில விட்ட பிழை எண்டு சொல்லுங்கோவன்.”

சொல்லியிருப்பேன். அதற்கு முன், நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பழங்காவியங்களைத் தூசி தட்டி எடுத்தேன். என்னைப்போல் ஒரு முட்டாள் அதில் இருப்பான், கொஞ்சம் தேறலாம் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. அரசர்கள் விட்ட பிழைகளுக்கு முன்னால் ஒரு சாபம் நிற்கிறது, பின்னால் ஒரு முனிவர் நிற்கிறார். எனக்கு முன்னும் பின்னும் சோம்பல்தான். மகா காவியமாம், பாட்டுக் களவெடுத்த ஒரு கிழட்டு வாத்தியாருக்கு அதில் இடமில்லை.

கோபத்தில் தாள்களைப் புரட்டிக்கொண்டு போனபோதுதான் ஒன்று பிடிபட்டது. பிழை விடாதவர்களைப் புலவர்கள் நாலு வரியில் வாழ்த்தி அனுப்பிவிடுகிறார்கள். பிழை விட்டவனோடுதான் படலம் படலமாக நடக்கிறார்கள். ஆனால் ஒருவனையும் ஒளியவிடவில்லை. அது எனக்குத் தைரியமாக இருந்தது. சைக்கிளை எடுத்தேன்.

தம்பியார் வெங்காயத் தோட்டத்தில் நின்றார். அச்சுக்கூடத்தில் பிழையில்லை, நான்தான் பழைய பாட்டைக் கொண்டுவந்து ஒட்டினேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“என்னைச் சாக்காட்டினதை விடுங்கோ மாஸ்டர், நானும் போறவன்தானே” என்றார். “உந்தப் புத்தகத்தில அண்ணையைப் பற்றி என்ன கிடக்கு? ஆரோ ஒராளின்ரை சட்டையைக் கழட்டி அவருக்குப் போட்டு அனுப்பியிருக்கிறியள்.”

ஒரு வரி பிழை என்று நினைத்து வந்தவன் நான். புத்தகம் முழுக்கப் பிழை.

புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். அண்ணையை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“அப்ப இருங்கோ.”

வரம்பில் உட்கார்ந்தேன். வேலிச் சண்டையில் எட்டு வருடம் அண்ணன் இவரோடு கதைக்கவில்லையாம். அந்த நாள்களில் இவர் காய்ச்சலில் கிடந்தபோது, ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து இவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் போனாராம்.

“ரெண்டையும் எழுதோணும். பொல்லாத மனிசன் எண்டும் எழுதோணும்.”

முதல் பாட்டை எழுதி வாசித்தேன். அது அண்ணை இல்லை, வெட்டுங்கோ என்றார். இன்னொன்று எழுதினேன். அதையும் வெட்டச் சொன்னார். மூன்றாவதையும் வெட்டச் சொன்னபோது எனக்குச் சரியான கோபம். இருந்தும் வெட்டினேன், அவர் சொன்னது சரி.