பாதி வகுப்பில் அணைந்த லேப்டாப்

இன்னும் ஒரே ஒரு முறை அணைந்தால் என் வேலை போய்விடும். மிகைப்படுத்தவில்லை, விதியே அப்படி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணிதம் சொல்லித் தருகிறேன். ஒரு மாதத்தில் மூன்று வகுப்புகள் பாதியில் நின்றால் ஆசிரியர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த மாதம் இரண்டு நின்றாயிற்று. இரண்டு முறையும் பின்னக் கழித்தலின் நடுவில் பொசுக்கென்று திரை கறுத்துப்போனது. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். என் வீட்டுக்காரர் சார்ஜர் என்றார். வகுப்பில்லாத நேரத்தில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன், அணைந்தது. கரண்ட் ஏறி இறங்குது என்றார். ஒயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன், அப்போதும் அணைந்தது. அவர் அம்மா, என் அத்தைக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. "நாள் பூரா அது மூஞ்சியவே பாத்துனு இருந்தா அது இன்னா பண்ணும்? அதுக்கே அலுத்துப் போயிருக்கும்," என்றார். நாள் பூராவுமாம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை. அந்த இரண்டு மணி நேரத்துக்காக மத்தியானமே ராத்திரிச் சமையலையும் முடித்துவைக்கிறேனே, அது மட்டும் யார் கண்ணிலும் படாது.

சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள சர்வீஸ் கடைக்குப் போனோம். அன்றைக்கு அமாவாசை வேறு. மலையனூர் கோயில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் இடிபட்டு லேப்டாப்பைத் தூக்கி வந்தவள் நான். எங்கே வைத்திருந்தபோது, எத்தனை நிமிடத்தில் அணைந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவளும் நான். கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "மேடம் இதுல இன்னா சார் பண்ணுவாங்க? சீரியல் எதுனா பாப்பாங்களா?"

எனக்கு வந்ததே கோபம். "நான் இங்கதான் நிக்கிறேன். என்னைக் கேளுங்க," என்றேன்.

"கோச்சிக்காதீங்க மேடம்," என்று சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டார். என் நோட்டைத் திறக்கவேயில்லை.

திங்கள் காலை என் வீட்டுக்காரர் போய் வாங்கி வந்தார். "ரெண்டு நாளா கடையில ஓட்டிப் பாத்துட்டாராம். ஒரு தடவகூட ஆஃப் ஆவலியாம். லேப்டாப்ல ஒண்ணும் இல்ல, மேடத்த பாத்து யூஸ் பண்ணச் சொல்லுங்கன்னாரு."

கடையில் ஓடுகிறது, என்னிடம் ஓடவில்லை. அப்படியானால் கோளாறு நான்தான். தீர்ப்பே எழுதி அனுப்பிவிட்டார் மனுஷன்.

கட்டிலில் வழக்கமான இடத்தில் வைத்து ஓடவிட்டு, நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதிய அத்தனை வரியிலும் 'கட்டில்' என்றே இருந்தது. கடையில் அது எதன் மேல் இருந்தது? கண்ணாடி மேசை மேல். இங்கே? இலவம்பஞ்சு மெத்தை மேல். அடியில் கையை விட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. காற்று போகும் ஓட்டைகள் எல்லாம் மெத்தைக்குள் புதைந்திருந்தன. மலைப்பாறைகள் சாயங்காலமும் அனல் கக்கும் ஊரில், இந்த வருடக் கோடையில், சூடு தாங்காமல் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. ஆறவிட்டு, தரையில் வைத்து ஓட்டினேன். இரண்டு மணி நேரம் அசையாமல் ஓடியது.

போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, போனை எடுத்து கடைக்காரரிடம் கேட்டார். "ஆமா சார், மெத்தையில வெச்சா அப்டித்தான் ஆவும். மேசை மேல வெக்கச் சொல்லுங்க," என்றது போன். அதற்குப் பிறகுதான் நான் சொன்னது உண்மையானது.

எங்கள் சமையலறை ஓரத்தில் ஒரு மேசை உண்டு. என் கல்யாணச் சீருக்காக எங்கள் நைனா செய்யச் சொல்லி, தொண்டூரிலிருந்து குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பிய சாப்பாட்டு மேசை. அதில் யாரும் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எல்லாருக்கும் டிவி முன்னால் தரைதான். மேசை மேல் இஸ்திரிக்குப் போகும் துணியும் ரேஷன் பையும் பழைய பத்திரிகைகளும் அத்தையின் பித்தளைக் குடமும் குடியிருந்தன. கட்டிலில் குனிந்து உட்கார்ந்தே எனக்கு முதுகு போயிற்று. அந்த மேசையைக் காலி பண்ணித் தாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டேன். "அந்தச் சாமான்லாம் எங்க வெக்கிறது? செத்த நேரம்தான, கட்டில்லியே உக்காந்துக்கோ," என்றார் அத்தை. டாக்டர் சொன்னார் என்று சொல்லியும் ஒரு சாமான்கூட நகரவில்லை.

அன்றைக்குப் பத்தே நிமிடத்தில் எல்லாம் நகர்ந்தது. குடத்தை அத்தையே தூக்கினார். என் வீட்டுக்காரர் ஈரத்துணியால் துடைத்து, மேசையை இழுத்துவந்து அறை ஜன்னலோரம் போட்டார். "காத்து நல்லா வரும். பாவம், எவ்ளோ சூடு தாங்கினு இருந்துச்சி," என்று லேப்டாப்பைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

ஐந்து மணி வகுப்பு ஏழு வரை தடங்கலில்லாமல் நடந்தது. வேலை தப்பியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், முதுகு வலிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "லேப்டாப்புக்கு மேசை வேணும்னு மொதல்லியே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"அதுக்கு வேணும்னு சொல்லத் தெரியாமப் போச்சி," என்றேன். "ரெண்டு வருஷமா எனக்கு வேணும்னுதான் கேட்டுனு இருந்தேன்."