ஒற்றைக்கால் காக்கை

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்த அவள், நான்கு வருடம் தனியாக உட்கார்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்தாள். ஒற்றைக்கால் காக்கை ஒன்று துணிக்கொடிகளில் தாவித் தாவிக் கூட்டுக்குப் போக வேண்டும். மொத்தம் இருபது கட்டங்கள். வெளியிட்டபின் விளையாடிய பதினொரு பேரும் முதல் கட்டத்திலேயே விட்டுவிட்டார்கள்.

காரணம் புரியாமல் அக்காவைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னாள். காக்கை நாற்பது முறை விழுந்தது.

"சாகுறதுக்குன்னே பொறந்த காக்காவாடி இது?" என்றாள் அக்கா.

"இன்னும் ஒரே ஒரு தடவைக்கா, ப்ளீஸ்."

"கை வலிக்குது, விடு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு வருடத்தில் அந்தத் தாவல் அவள் விரலுக்குப் பழகியிருந்தது. மற்றவர்களுக்கு அது முடியாத காரியம். கொடிகளை நெருக்கி வைத்தாள். பழைய இடைவெளியை நம்பியே மற்றக் கட்டங்களும் இருந்ததால், ஒன்றைச் சரிசெய்தால் இரண்டு கெட்டன. ஒரு மாதம் போராடியும் மூன்று கட்டங்களே தேறின. மற்றவற்றை அழுதுகொண்டே அழித்தாள்.

மறுபடி விளையாட வந்த அக்கா மூன்றையும் ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவ்வளவுதானா? மிச்சம் எங்கடி?"

விம்மல் கேட்காமலிருக்கத் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.