எங்கள் தெரு அட்டவணையில் ஒரு கோடு

என்னிடம் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. முத்திரையில் ஆண்டு மட்டும் ஒழுங்காக விழுந்திருக்கிறது: 1973. நாளும் மாதமும் மையில் கரைந்துபோய்விட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. பங்குனித் திருவிழா முடிந்து சில வாரங்களில் வந்தது என்பது நினைவிருப்பதால் ஏப்ரல் மாதம் என்று குறித்து வைத்திருக்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் என் அத்தைக்கு எழுதியது. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அச்சில் இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள். சொந்த வீட்டுச் செய்தி சான்று ஆகாது. கட்டுரையைக் குறித்த நாளுக்குள் சேர்ப்பித்துவிடு.’

இதை எப்போது எடுத்துப் படித்தாலும் எனக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. எழுதியவர் கெட்டவர் அல்லர். முறைப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

அத்தை அப்பாவின் தங்கை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். எங்கள் வீட்டில் தறி இருந்தது, பக்கத்து வீட்டிலும் இருந்தது, தெருக்கோடி வரைக்கும் இருந்தது. ஆகவே எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றதும், பட்டு நெசவாளர் குடும்பங்களின் வாழ்நிலை என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு வந்தார். பிறந்ததிலிருந்து பார்த்துவருவதை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்திருப்பார். பேராசிரியர் அதற்கு ஒப்பவில்லை. கண்ணால் பார்த்ததெல்லாம் கட்டுரை ஆகாது, புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டார். கைத்தறிக் குடும்பங்களைப் பற்றி அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. எங்கள் தெருவுக்கும் வந்து வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அது புத்தகமாக வந்துவிட்டது என்று மட்டும் அத்தைக்குத் தெரியும்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அந்த வருஷத்தோடு படிப்பு முடிய வேண்டும். கட்டுரை போய்ச் சேரவில்லை, பட்டம் வரவில்லை என்றால் இன்னொரு வருஷத்துக்கு அனுப்பமாட்டார். திருப்புட்குழியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கனவே காத்துக்கொண்டிருந்தார்கள். கையில் பட்டம் இருந்தால் வேலைக்குப் போகலாம், கல்யாணத்தைப் பற்றி அத்தையும் ஒரு வார்த்தை சொல்லலாம். இல்லாவிட்டால் சொல்ல முடியாது. அத்தைக்கு அந்தப் புத்தகம் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது.

இன்று எங்கள் அடுக்கு மாடியில் ஒரு பையன் பொருளாதாரம் படிக்கிறான். இருந்த இடத்திலிருந்தே இந்தியா முழுவதற்குமான குடும்பக் கணக்கெடுப்புகளைக் கணினியில் இறக்கிக்கொள்கிறான். இறங்க நேரமாகிறது என்று அலுத்தும் கொள்கிறான். அவனிடம் இந்தக் கதையைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டேன். நம்புகிற முகமாக இல்லை.

வயசுப் பெண் தனியாக சர்க்கார் அலுவலகத்துக்குப் போகக்கூடாது என்று வீட்டில் முடிவானது. சென்னையில் தனியாக விடுதியில் தங்கலாம், பஸ் ஏறி வரலாம்; உள்ளூரில் நாலு தெரு தள்ளி இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் துணை வேண்டும். எனக்கு ஒன்பது வயது. நான்தான் துணை.

முதலில் நூலகத்துக்குப் போனோம். நெசவுப் புத்தகம் என்றதும் புடவை டிசைன் படம் போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அங்கிருந்து ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. பங்குனி உத்திர உற்சவம் நடந்துகொண்டிருந்தது. சுவாமி புறப்பாடு பார்க்க எல்லாரும் போயிருந்ததால் நாற்காலிகள் மட்டும் இருந்தன. மறுபடி போனபோது ஒரு குமாஸ்தா இருந்தார்.

“யாரும்மா நீ?”

“எம்.ஏ. படிக்கிறேன் சார். கைத்தறிக் கணக்கெடுப்புப் புஸ்தகம் இங்க இருக்குதுன்னு சொன்னாங்க. இங்கயே உக்காந்து பாத்து எழுதிக்கினு போயிடறேன்.”

“ஆம்பள யாரும் கூட வரலியா?”

“இவ வந்திருக்கா சார்.”

அவர் என்னைப் பார்த்தார். “நல்லா இருக்குது. ஒண்ணுக்கு ரெண்டா வந்து நிக்கிறீங்க.”

கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். அத்தை சென்னைக்குப் போய் வாங்கி வந்தார். அதைக் குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

“இது யாருக்குன்னே போடலியேம்மா. சம்பந்தப்பட்டவர்களுக்குன்னு இருக்குது. நான் சம்பந்தப்பட்டவன் இல்ல.”

“யார் சார் சம்பந்தப்பட்டவங்க?”

“அது உங்க புரொபசருக்கு இல்ல தெரியணும்?”

அத்தை அசையாமல் நின்றார். அவர் போகமாட்டார் என்று தெரிந்ததும் குமாஸ்தா எழுந்து உள்ளே போய், அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்தார். கொடுப்பதற்காக இல்லை, இருக்கிறது, ஆனால் தரமுடியாது என்று காட்டுவதற்காக. குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“இது ஆபீஸ் காப்பி. வீட்டுக்கு வீடு கேட்டு எழுதினது. எல்லாம் ரகசியம். கண்டவங்களுக்கெல்லாம் காட்டக்கூடாது.”

“எங்க வீட்டுலயும்தான் சார் கேட்டாங்க. எங்க தெருவே இதுல இருக்குது.”

“அப்போ உனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே? அதைப் போயி எதுக்குப் படிக்கணும்?”

புத்தகத்தின் பின்னட்டை என் கண்ணுக்கு நேராக இருந்தது. என் நோட்டுப் புத்தகங்களின் பின்னால் விலைக்கு முன் போட்டிருக்கும் அதே இரண்டு ஆங்கில எழுத்து அதிலும் இருந்தது.

“அத்தை, பின்னாடி ரூபா போட்டிருக்குது. எவ்ளோன்னு தெரியல. அவரு கட்டவிரலு மறைக்குது.”

குமாஸ்தா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தை அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று சத்தியம் செய்வேன்.

“விக்கிறாங்க போலக்குது,” என்றார்.

“விலை போட்டு விக்கிற புஸ்தகத்தையா சார் ரகசியம்னு சொன்னீங்க?”

“மெட்ராஸ்ல சர்க்கார் புஸ்தகக் கடை இருக்குது, அங்க போயி கேளும்மா. எனக்கு ஐயம்பேட்டை பஸ்ஸு போயிடும்.”

அந்தக் கடை அத்தையின் விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அத்தனை நாளும் அதே தெரு வழியாகத்தான் கல்லூரிக்குப் போய்வந்திருக்கிறார். இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, இங்கே கிடைக்கும் என்று சொல்ல நூலகத்துக்கும் தெரியவில்லை, அலுவலகத்துக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தும் பேராசிரியர் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரக் கடைசியில் புத்தகத்தோடு வந்தார். பக்கங்களின் ஓரம்கூட வெட்டப்படாமல் இருந்தது. தறியில் இழை அறுக்கிற பிளேடை எடுத்து ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துப் பிரித்தார். அட்டவணை படிக்கும்போது வரிசை மாறிவிடாமல் ஸ்கேலை வைத்துப் பிடிப்பது என் வேலை. தெருவாரியான அட்டவணைகளில் எங்கள் தெருவின் பெயர் அச்சில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். அத்தை சந்தோஷமாக இருந்தார். பென்சிலைக் காதில் செருகியிருந்தார். பெண்கள், அவர்கள் கல்வி என்று ஒரு பக்கம் வந்தது. ஸ்கேலோடு விரலை நகர்த்திக்கொண்டே போனவர் கடைசிக் கட்டத்தில் நின்றார். அதில் எண் இல்லை. ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது.

“இந்தக் கோடு என்னா அத்தை?”

“காலேஜ் படிக்கிற பொம்பளைங்க இந்தத் தெருவுல ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம்.”

“நீ படிக்கிறியே?”

காதில் இருந்த பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் வைத்தார். பிறகு, “அதான்டி. அந்தக் கோடு நான்தான்,” என்றார்.

கணக்கெடுப்பு நடந்தபோது அத்தை சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்து பதில் சொன்னவர் அப்பா. அத்தை புத்தகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு தறிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அண்ணா, கணக்கெடுக்க வந்தாங்களே, என்னைப் பத்தி என்ன சொன்னே?”

“எந்தக் கணக்கு? எப்பவோ வந்தான், போனான்.”

“யோசிச்சு சொல்லு.”

அப்பா தறியை விட்டு எழவில்லை. “தறிக்கு எத்தினி பேருன்னு கேட்டான். கூட ஒரு ஆள் இருந்தாதான் சொசைட்டியில பட்டு குடுப்பாங்கன்னு தெருவுல பேசிக்கினாங்க. உன் பேரைச் சொன்னேன். இப்போ இன்னா கொறஞ்சிபூடிச்சி?”

“நான் படிக்கிறேன்னு சொல்லலியா?”

“இருபது வயசுப் பொண்ணு இன்னும் படிச்சிக்கினு இருக்குதுன்னு சர்க்கார் புஸ்தகத்துல ஏத்தச் சொல்றியா? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வருவான்.”

அத்தை இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். கூலி இல்லாமல் குடும்பத் தொழிலுக்கு உதவும் பெண்கள் என்று அதில் ஓர் எண்ணிக்கை இருந்தது. “இதுல ஒண்ணு நான். நான் தறியில உக்காந்து எத்தினி வருஷம் ஆச்சுண்ணா?”

தறியின் மறுபக்கம் புடவையோடு கரையைச் சேர்க்கும் கோர்வைக்கு உட்கார்ந்திருந்த அம்மா அப்போது தலையைத் தூக்கினார். தினமும் அங்கே உட்கார்ந்திருப்பவர் அவர்தான். “அப்போ என்னை எங்க போட்டீங்க?”

அப்பா குனிந்து அறுந்த இழையைத் தேடினார்.

“கேக்கறேன் இல்ல? தார் சுத்தறேன், கோர்வை போடறேன். என்னை என்னான்னு சொன்னீங்க?”

“வீட்டு வேலைன்னு சொன்னேன். நீ அப்போ அவனுக்கு மோர் எடுத்துக்கினு வந்தே. பாத்தான், எழுதிக்கினான்.”

“மோரா?” என்றார் அம்மா. “நல்லா கீது. இனிமே மோரே குடுத்துக்கினு இருக்கறேன். உங்க தங்கச்சிய மெட்ராஸ்லருந்து வரச்சொல்லி கோர்வை போடச் சொல்லுங்க.”

எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை தறி ஓடவில்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அத்தைக்கு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் மாறிப்போய்விட்டார்கள் என்றால், அதே பேச்சைக் கேட்ட மற்ற வீடுகளில் என்னென்ன மாறியிருக்கும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அவ்வளவு அலைந்து வாங்கிய புத்தகம் முழுவதும் அப்பா மாதிரி ஆண்கள் சொன்னதுதானா? அன்றே பேராசிரியருக்கு விவரமாக எழுதினார். இந்த எண் தவறு, தவறு என்பது எனக்கு நேராகத் தெரியும், குறிப்பிட்டு எழுதலாமா என்று கேட்டார். அதற்கு வந்த பதில்தான் என்னிடம் இருக்கும் அஞ்சலட்டை.

குறித்த நாள் நெருங்கிவிட்டது. திருப்புட்குழியிலிருந்து ஆள் வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். அத்தை உட்கார்ந்து அட்டவணையை அப்படியே பிரதி எடுத்தார். கல்லூரி என்ற கட்டம் வந்ததும் ஸ்கேலை வைத்து, பேனாவால், நேராக ஒரு கோடு போட்டார். கட்டுரை போய்ச் சேர்ந்தது. பட்டம் வந்தது, வேலையும் வந்தது, திருப்புட்குழிக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் கல்லூரி படித்த பெண் ஒருத்தியும் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் எங்கள் தெருவின் முதல் எம்.ஏ. பெண் பட்டம் வாங்கினார். இதை யாரிடம் போய்ச் சொல்லிக் கோபித்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அத்தை பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: “இதுல நான் எங்க இருக்கேன் அத்தை?”

சிறுமியர் அட்டவணையை எடுத்தார். பள்ளிக்குப் போகிறவர்கள் ஒரு பத்தி, வீட்டில் பட்டு நூலைச் சுற்றி இழைக்க உதவுகிறவர்கள் ஒரு பத்தி. கணக்கெடுப்பு வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அத்தை இரண்டு பத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பித் தறிப்பக்கம் பார்த்தார். அப்பாவைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“நீ கூட்டுத்தொகையில இருக்கேடி,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

கூட்டுத்தொகை என்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய எண். எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் புத்தகத்தில் நான் இருக்கிறேன் என்று மறுநாள் வகுப்பு முழுவதும் சொன்னேன்.

வீடு வீடாக எழுதிய அந்த மூலப் படிவங்களைப் பார்க்க அனுமதி கேட்டு நான் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். அவ்வளவு பழையவற்றை வைத்திருப்பதில்லை என்று ஒரு பதில் வந்தது. இருந்தாலும் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை என்று இன்னொரு பதில் வந்தது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு மோர் மட்டும்தான் நினைவிருக்கிறது. ஆகவே அப்பா என்னை எந்தப் பத்தியில் சொன்னார், பள்ளிக்கூடத்திலா, பட்டு இழைப்பதிலா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.