இடது கதவில் கண்ணாடி கேட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அவருக்கு வேண்டியவர்கள். அவர் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டவர்கள், அவரோடு சண்டை போட்டவர்கள், அவர் ஓட்டிய வண்டியின் பின்னால் நின்று வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். அண்ணனின் பிள்ளைகள், "அத்தை, நீங்கதான் எழுதணும்" என்று பேப்பரைக் கொடுத்துவிட்டார்கள். நான் ரவிக்கை தைக்கிறவள். அளவு நோட்டைத் தவிர வேறெதிலும் அதிகம் எழுதியதில்லை. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் திருமங்கலத்துக்குத் தெற்கே, பருத்தி விளையும் கரிசல் பூமியில், விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் அப்பா காலமானபோது அண்ணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதும் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு மேலூர்ப் பக்கம் கல் ஏற்றப் போய்விட்டார். என்னைக் கட்டிக்கொடுத்தது அவர். என் மகளுக்குத் தாய்மாமனாக மடியில் வைத்துக் காது குத்தியதும் அவர்தான். கோபக்காரர். கொஞ்சம் பிடிவாதக்காரர் என்று எழுதினால் மதினி சிரிப்பார்கள், அதனால் ரொம்பப் பிடிவாதக்காரர் என்றே எழுதுகிறேன். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரச் சொன்னால்கூட, தான் பார்த்து வைத்த இலையில்தான் உட்காருவார்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு மதுரையிலேயே இருக்க வேண்டும் என்று, நகரில் குப்பை அள்ளும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் ஓட்டுநராகச் சேர்ந்தார். சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். யார் என்று எழுதவில்லை, அவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். அண்ணன் அதற்கெல்லாம் அசரவில்லை. "கல்ல ஏத்துனப்ப நல்லாருக்கியான்னு கேட்டீக. நீங்க போட்ட குப்பைய ஏத்துனா மட்டும் மூக்கப் பொத்துறீக" என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

அவர் மனதை உறுத்தியது குப்பை இல்லை, வண்டியின் முன்பகுதி. குப்பையை உள்ளே தள்ளி அமுக்கும் பெரிய லாரி அது. ஓட்டுநர் உட்காரும் கேபின், நெடுஞ்சாலையில் சரக்கு ஏற்றிப் போகிற லாரிக்குச் செய்தது. அங்கே ஏறி உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம் இறங்க வேண்டியதில்லை. குப்பை லாரி ஓட்டுகிறவர் தெருவுக்குத் தெரு இறங்கி ஏற வேண்டும். படி முழங்கால் உயரத்துக்கு மேல். பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. இடது கதவு பாதிக்கு மேல்வரை தகரம். அந்தத் தகரத்துக்கு அப்பால், முன் சக்கரத்தை ஒட்டி யார் நின்றாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. தொட்டி எடுக்கும் பெண்கள் நிற்பதும் சரியாக அந்த இடத்தில்தான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அண்ணன் இதைச் சொல்வார். நான், "சோத்தப் பாத்துச் சாப்பிடுண்ணே" என்பேன்.

உடம்புக்கு அளவெடுத்துத் துணி வெட்டுகிறவள் நான். சுற்றளவு அரை அங்குலம் குறைந்தால் வாடிக்கைக்காரர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். ஆனால் வண்டிக்கும் மனிதருக்கும் அளவு ஒத்துப்போக வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை ஆறரை மணி இருக்கும். ஒரு குறுகலான தெருவில் எதிரே ஷேர் ஆட்டோ வந்தது. அதற்கு வழிவிட அண்ணன் வண்டியை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அங்கே காலித் தொட்டியை ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார் முத்துப்பேச்சி அக்கா. அண்ணனைவிட நான்கைந்து வயது மூத்தவர், அந்த வண்டியில் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர். முன் சக்கரம் அவர் பாதத்தின் ஓரத்தில் ஏறிவிட்டது. அண்ணன்தான் அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அதே ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை. அக்காவே படுக்கையிலிருந்து, "நீ பாத்துட்டா ஏத்துன தம்பி? போய்ச் சாப்புடு" என்று திட்டி அனுப்பினாராம்.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. பணியாளர் கவனமில்லாமல் வண்டியின் இடப்பக்கம் நின்றதால் விபத்து நடந்தது என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலைக்குப் போகலாம். போடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா தப்பான எடத்துல நிக்கல. எனக்குத் தெரியாத எடத்துல நின்னுச்சு. அது வண்டியோட கொற. அந்தக் கதவுல கண்ணாடி வைக்கிற வரைக்கும் நா ஏற மாட்டேன்" என்றார்.

அவர் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய நேரம் அது. மதினி என்னிடம் வந்து அழுதார்கள். நான் கம்பெனிக்குப் போய் அந்தத் தாளை மறுபடி வாங்கி வந்தேன். பேனாவையும் எடுத்து அண்ணன் கையில் வைத்தேன்.

"கையெழுத்துதானே கேக்குறாக, கழுத்தையா கேக்குறாக? ஊருல இருக்குற அம்புட்டு டிரைவரும் இந்த வண்டியத்தான் ஓட்டுறாக. உனக்கு மட்டும் என்னண்ணே?"

"அவுக பாக்காம ஓட்டுறாக. நா பாக்காம ஏத்திட்டேன் தங்கச்சி."

"அந்தம்மா நமக்கு அத்தையா, சின்னம்மாளா? வெரலு போனது போயிருச்சு. நீ கையெழுத்துப் போடாட்டி மொளச்சா வந்துரும்?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பேனாவை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் வலித்திருக்காது.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில்தான் இருந்தார். என் கடையில் துணி வெட்டும் மாதிரிக்காக வைத்திருந்த பழுப்புத் தாளில் பாதியைக் கேட்காமல் எடுத்துப் போய், லாரிக் கதவை அதன் முழு அளவில் வரைந்து சுவரில் ஒட்டினார். எதிரே நாற்காலியைப் போட்டு, அதன் மேல் இரண்டு தலையணையை வைத்து, ஏறி உட்கார்ந்து பார்ப்பார். இறங்கிப் போய்க் கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரைவார். தாள் போனதே என்று நான் அதற்கும் சத்தம் போட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. வேலையில் இல்லாவிட்டாலும் அண்ணன் கம்பெனிக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். மற்ற ஓட்டுநர்கள், "அண்ணே இல்லாம என்ன பூசை" என்று கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போய்ச் சண்டை போட்டு இருக்கிற வழியையும் அடைத்துக்கொள்வாரோ என்று மதினிக்குப் பயம். கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

லாரிகளைக் கழுவிச் சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. வழக்கமாக ஓட்டுநர்தான் வண்டியை அதன்மேல் ஏற்றுவார். அண்ணன் வண்டிப் பிரிவு மேலாளரிடம் போய்க் கைகூப்பினார்.

"சார், இந்த வருசம் நீங்களே ஏத்துங்க. எங்களுக்கெல்லாம் சந்தோசமா இருக்கும்."

மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். படியில் காலை வைத்தவருக்கு உடம்பு மேலே போகவில்லை. "என்னப்பா, இம்புட்டு ஒசரமா இருக்கு!" என்றார். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் சாவி கேட்டார். சாவியை அண்ணன் முன்பே ஓட்டுநர்களிடம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அண்ணன் அங்கே நின்ற எங்கள் எல்லோரையும் வண்டியைச் சுற்றி நிற்கச் சொன்னார். ஊன்றுகோலோடு வந்திருந்த முத்துப்பேச்சி அக்காவும் நானும் இடது கதவுக்குக் கீழே நின்றோம்.

"சார், சாவி தர்றதுக்கு முன்னாடி ஒன்னு. வண்டியச் சுத்தி எத்தன பேரு நிக்கிறோம்? எண்ணிச் சொல்லுங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். தகரம்தான் தெரிந்தது. மேலாளர் முகம் தெரியவில்லை. உள்ளே இஞ்சின் ஓடினால், நான் இங்கே நிற்பது மேலே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இத்தனை நாளாக அண்ணன் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மேலாளர் எண்ணினார். "ஏழு பேரு."

"சார் மொகம் தெரியாதவங்க எல்லாம் கை தட்டுங்க" என்றார் அண்ணன்.

ஐந்து பேர் தட்டினோம். அக்கா ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். மேலாளர் எட்டிப் பார்த்தார், கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவர் இறங்கி வந்து அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "அந்தத் தாள வேற மாதிரி எழுதுவோம்ப்பா. நீ வரைஞ்சு வச்சிருக்கியாமே, அதக் கொண்டா" என்றார். அந்த மனிதருக்கு இந்த மலர் மூலம் நன்றி சொல்கிறேன். அவர் நினைத்திருந்தால் கோபப்பட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பட்டறையில் முதல் வண்டியைப் பிரித்தபோது அண்ணன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இடது கதவின் கீழ்ப்பாதியில் கண்ணாடி, முன் மூலையில் சக்கரத்தருகே நிற்பவரைக் காட்டும் ஒரு வட்டக் கண்ணாடி, கீழே இறக்கிய படி, பிடித்து ஏற ஒரு குழாய், பின்னால் நிற்கிறவர்கள் அழுத்தினால் கேபினில் அடிக்கும் மணி. மறுபடி வேலைக்குச் சேர்ந்த அண்ணன் அந்த வண்டியைத் தெருவுக்கு ஓட்டி வந்த முதல் வாரமே பணியாளர்கள் தங்கள் சாப்பாட்டுப் பைகளை வரிசையாக அந்தப் புதுக் கண்ணாடியை மறைத்து மாட்டிவிட்டார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "அவுக சோத்துப் பைக்கு எடம் வைக்காதது நம்ம தப்புதான்" என்று இருக்கைக்குப் பின்னால் கொக்கி அடிக்கச் சொன்னார். அதன் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் கொக்கியோடு சேர்த்தே செய்தார்கள். கடைசிவரை அண்ணன் ஓட்டிய வண்டி ஒருவர் மேலும் படவில்லை.

போன வருஷம் நெஞ்சில் நீர் கோத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது சாகிற வயதா? பேச்சு குறைந்துபோன நாட்களிலும், பார்க்க வந்த ஓட்டுநர்களிடம் கண்ணாடியைத் துடைக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரவு பகலாகக் கூட இருந்த மதினிக்கும் பிள்ளைகளுக்கும், முறை வைத்து வந்து பார்த்துக்கொண்ட ஓட்டுநர் தம்பிகளுக்கும், செவிலியர் பெண்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், இந்தக் கட்டுரையில் பிழை திருத்திக் கொடுத்த என் மகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

முத்துப்பேச்சி அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அக்கா, கம்பெனி உங்கள் மேல் பழி போடாமல் வைத்தியம் பார்த்து, உட்கார்ந்து பார்க்கிற வேலையும் கொடுத்த பிறகு, வெள்ளிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து மல்லிகைப்பூ கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். "தம்பி வீட்டாளுக எல்லாரும் எனக்காகப் பட்டினி கெடந்தீக" என்று சொல்கிறீர்கள். அண்ணன் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அது உண்மை இல்லை. உங்கள் மேல் பழி விழுந்தால் விழட்டும் என்று அண்ணன் கையில் பேனாவை வைத்தவள் நான். உங்கள் விரலைப் பற்றி நான் பேசிய பேச்சை மேலே எழுதியிருக்கிறேன். அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், உங்கள் மகள் வந்து இந்த மலரை வாசித்துக் காட்டுவாள். ஒரு வரியும் விடாமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டு முடித்த பிறகும் வெள்ளிக்கிழமை கடைக்கு வர உங்களுக்கு மனம் வந்தால் வாருங்கள் அக்கா, இனிமேல் பூ நான் வாங்கி வைத்திருப்பேன்.