மே மாதம் வரை காத்திருந்தேன்

மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸை ஆறு வருடம் ஓட்டினேன். காலையில் இரண்டு நடை, மதியம் இரண்டு நடை. நாலரைக்கெல்லாம் தாராவியில் என் வீட்டில் இருப்பேன். எங்கள் காண்டிராக்டரிடம் வேலை பார்த்த டிரைவர்கள் எல்லோருக்கும் அந்த பஸ்மேல் ஆசை உண்டு. அவர்களில் ஒருவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

நான் பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு வந்தவன். இந்தி நன்றாகப் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. சூப்பர்வைசர் போனில் அனுப்புகிற செய்திகளை அண்ணாச்சிதான் எனக்கு வாசித்துச் சொல்வார்.

ஒவ்வொரு மே மாதமும், பள்ளி திறப்பதற்கு முன்னால், செம்பூரில் ஒரு கிளினிக்கில் எங்களுக்கு உடம்புச் சோதனை நடக்கும். அதில் தேறினால்தான் பஸ். லைசென்ஸ் புதுப்பிக்கிற படிவத்திலும் அந்த டாக்டரே கையெழுத்துப் போடுவார். அந்த வருடம் செய்தி வந்ததும் போனை அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"பிரஷரும் கண்ணும் மட்டுந்தானாம். ரத்தம் எடுக்க மாட்டாகளாம்" என்றார்.

சோதனை அன்று காலையில் கிளினிக்குக்குப் போகிற வழியில், சுனாபட்டியில் என்னை நிறுத்தி, டீயும் இரண்டு ஜிலேபியும் வாங்கிக் கொடுத்தார். தனக்குச் சனிக்கிழமை விரதம் என்று சொல்லிவிட்டார். கிளினிக்கில் நுழைந்ததும் முதல் வேலையாக ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரியவில்லை. வெறும் வயிற்றிலேயே சர்க்கரை இருநூறைத் தாண்டியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை பிள்ளைகள் வண்டி கிடையாது என்றார் சூப்பர்வைசர். ஜூன் மாதம் அண்ணாச்சி என் பஸ்ஸில் ஏறினார். எனக்குக் கிடைத்தது பாண்டுப்பில் ஒரு ஃபேக்டரிக்கு ஆட்களை ஏற்றிப்போகிற பஸ்.

ஆகஸ்டில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். சர்க்கரையே இல்லை என்றார்கள். ஆனால் வருட நடுவில் டிரைவரை மாற்ற முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, பழைய செய்தியைத் தேடி எடுத்து என் மகளிடம் கொடுத்தேன். எட்டாவது படிக்கிறவள், ஒரே மூச்சில் வாசித்தாள்.

"காலையில ஒண்ணுமே சாப்பிடாம வரணும்னு போட்டிருக்குப்பா. ரத்தம் எடுப்பாங்களாம்."

உடனே போய் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்திருக்கலாம். சட்டையைப் பிடித்தால் கையோடு பட்டன்தான் வரும். எனக்கு வேண்டியது அது இல்லை. எத்தனையோ டிரைவர்கள் பார்க்க நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அதே மாதிரி அவரும் இறங்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவரை ஒவ்வொரு நாளும் கவனித்தேன். போனை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். டெப்போவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தூணில் உரசுவார். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம், பள்ளி கேட் திறந்திருக்கிறதா என்று கேட்பாராம். அப்படியானால் இத்தனை வருடம் கண் சோதனையில் எப்படித் தேறினார் என்று யோசித்தேன். பதில் எளிது. கிளினிக்கில் தொங்கும் ஆங்கில எழுத்து போர்டு மாறியதே இல்லை. அவர் அதை மனப்பாடம் செய்திருந்தார்.

எனக்கு ஆங்கிலம் வராது. ஆகையால் எனக்கு மட்டும் நர்ஸ் போர்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைப்பாள். அதில் மூன்று கால் உள்ள ஒரே எழுத்து மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திரும்பி நிற்கும். கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்ட வேண்டும்.

செப்டம்பரிலேயே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரைச் சத்தமில்லாமல் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் மே மாதம் வரை காத்திருந்தேன்.

அந்தச் சோதனைக்கு வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் முறை முடிந்ததும், அடுத்து வருகிறவருக்கும் ஆங்கிலம் தெரியாது, போர்டு இப்படியே இருக்கட்டும் என்று நர்ஸிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டேன். சூப்பர்வைசரும் மற்ற டிரைவர்களும் பெஞ்சில் இருந்தார்கள்.

அண்ணாச்சி வந்தார். போர்டைப் பார்க்கவேயில்லை. வழக்கம்போல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்" என்று கணீரென்று சொல்லிக்கொண்டே போனார். நர்ஸ் குறுக்கிடவில்லை. ஐந்தாவது வரி வரைக்கும் சொன்னார். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் கையை எடுத்துவிட்டு, போர்டை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் ஆற அமரப் பார்த்தேன்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். அவர் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஜூனில் எனக்கு என் பஸ் திரும்பக் கிடைத்தது. பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு ஒருநாள் டெப்போவுக்கு வந்தார். குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"போர்ட மாத்தச் சொன்னது நீதானே?"

"ஆமா. ஜிலேபி வாங்கித் தந்தது நீருதானே?"

அதை அவர் மறுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"செப்டம்பர்ல."

"அப்போ எட்டு மாசம் அந்தப் பிள்ளேள என் வண்டியில ஏத்திவிட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்க."

ஜிலேபியைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். என்ன ஆகியிருக்கும் என்பது சில நாள் சிக்னலில் நிற்கும்போது மனதில் வரும். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அவர் இல்லாத எழுத்தை வாசித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் குளிரத்தான் செய்கிறது.

அந்த வருடம் செப்டம்பரில் அவர் கண் சோதனையில் தேறிவிட்டார். பாண்டுப் ஃபேக்டரி பஸ்ஸைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை பள்ளி லீவுதானே, ஒரு நாள் கூடப் போய் அவருக்கு நிறுத்தங்களைக் காட்டிவிட்டு வா என்றார் சூப்பர்வைசர். சரி என்று தலையாட்டினேன். சனிக்கிழமை காலையில், காய்ச்சல் என்று போன் பண்ணிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.